அசைவூட்டமும் அசைவ ஊட்டமும்: மதுரை உணவகங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

கோடை விடுமுறைக்கு மதுரை வரும் குடும்பத்துக்கு மாட்டுத்தாவணியில் இறங்கியதுமே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அப்பாவுக்குக் கறி தோசை வேண்டும். அம்மாவுக்கு ரயில் நிலையம் பக்கத்தில் வாழை இலைத் துண்டில் தரும் சுடச்சுட அல்வா. தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாத ஏதோ ஒன்று. எட்டு வயதுப் பிள்ளை மட்டும், "அப்பா, படத்துல எலி சமைக்குமே, அந்த மாதிரி ஹோட்டலுக்குப் போலாம்ப்பா" என்கிறது. ஆட்டோக்காரர் காதில் இது விழுந்தால், "எலி எல்லா ஊர்லயும் இருக்கும் தம்பி, வெளிய சொல்லிக்க மாட்டாங்க" என்று பதில் வரும்.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது. திரைப்படவியல், சமையற்கலை, பயண மேலாண்மை என்னும் மூன்று துறைகள் இதற்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பாரிஸிலும் ஃபுளோரிடாவிலும் டோக்கியோவிலும் அசைவூட்டப் படங்களை வைத்து உணவகம் நடத்துகிறார்கள். ஊர் ஊராகப் பயணிகள் போய் வரிசையில் நிற்கிறார்கள். சங்க காலத்திலேயே அல்லங்காடி நடத்தி இராத்திரிச் சாப்பாடு விற்ற மதுரை இந்தப் பந்தியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இக்கட்டுரையின் கருதுகோள் இது: மதுரைக்கு அப்படியொரு உணவகம் தனியாகத் தேவையில்லை. மதுரையின் உணவகங்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன. சுவரில் யாரும் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவே.

2. சொல்லாராய்ச்சி

ஆய்வு சொல்லில் தொடங்க வேண்டும் என்பது மரபு. அனிமேஷன் என்ற சொல், உயிர், மூச்சு என்று பொருள்படும் 'அனிமா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. உயிரில்லாததற்கு உயிர் தருவதே அந்தக் கலை. தமிழில் அதற்கு 'அசைவூட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அசைவு, ஊட்டம் என்று பிரிக்க வேண்டும். தமிழன் ஊட்டுவதென்றால் முதலில் சோற்றைத்தான் ஊட்டுவான். ஆக, லத்தீனில் உயிர் மட்டும் இருக்க, தமிழில் உயிரோடு ஒரு கவளமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இனி மதுரைத் தெருக்களில் தாராளமாகக் கிடைக்கும் இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்வோம். சைவம் அல்லாதது அசைவம். அசைவ, ஊட்டம் இரண்டையும் புணர்த்தினால் நடுவில் உடம்படுமெய் தோன்றி 'அசைவவூட்டம்' ஆகும். அசைவூட்டத்துக்கும் அசைவவூட்டத்துக்கும் இடையே ஒரே ஒரு 'வ'தான் தூரம். முதல் சொல் பிறந்ததே நன்னூலாரின் தயவில். உயிர் வந்தால் முற்றியலுகரமும் சில இடங்களில் கெடலாம் என்று அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் கொஞ்சம் கறாராக இருந்திருந்தால் 'அசைவுவூட்டம்' என்று எழுத வேண்டி வந்திருக்கும். இந்த ஆய்வும் நடந்திருக்காது.

பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது இந்த 'வ' விவாதத்துக்கு வந்திருக்க வழியில்லை. எமில் கோல் பிரான்ஸில் கோட்டுச் சித்திரங்களை நடக்கவிட்ட 'ஃபாந்தாஸ்மகோரி' வந்ததே 1908இல்தான். எனவே புலவர்கள் மேல் குற்றமில்லை.

3. முன்னோடிகள்

பிள்ளை குறிப்பிட்ட எலியின் பெயர் ரெமி. பிராட் பேர்ட் இயக்கத்தில் பிக்ஸார் தயாரித்து 2007இல் வெளிவந்த 'ரட்டாட்டூயி' படத்தில் அது பாரிஸ் உணவகமொன்றின் அடுப்படியில் ஒளிந்து சமைக்கிறது. அமெரிக்கச் சமையல் நிபுணர் தாமஸ் கெல்லர் படத்துக்கு ஆலோசகர். கணினியில் வரைவதற்கு முன்னால் சுமார் 270 பண்டங்களை உண்மையான அடுப்பில் சமைத்து, புகைப்படம் எடுத்து, பிறகு தின்று தீர்த்தார்கள். குப்பைக்குவியல் அச்சு அசலாக வர வேண்டுமென்று 15 வகைக் காய்கனிகளை அழுகவிட்டும் படம் பிடித்தார்கள். நம் ஊர்ச் சந்தை எதற்காவது அந்தி நேரத்தில் வந்திருந்தால் காத்திருக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும்.

2014இல் பாரிஸ் டிஸ்னிலாந்தில் 'பிஸ்த்ரோ ஷே ரெமி' திறக்கப்பட்டது. அங்கே தட்டுகளும் ஜாம் பாட்டில் மூடிகளும் குட்டைக் காகிதக் குடைகளும் ஆளுயரத்துக்குப் பெருத்திருக்கும். மூடிதான் மேசை. உள்ளே நுழைகிற மனிதர் எலி அளவுக்குச் சுருங்கிவிட்டதாக ஏற்பாடு. அதாவது காசு கொடுத்து எலியாகிறார்கள்.

ஃபுளோரிடாவில் 2012இல் திறந்த 'பி அவர் கெஸ்ட்' உணவகம் 1991இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் கோட்டையை அப்படியே எழுப்பியது. படத்தில் தட்டும் மெழுகுவத்தித் தண்டும் எழுந்து ஆடிப்பாடி விருந்து வைக்கும். அந்தப் பாடலில் வந்துபோகும் சாம்பல் நிறப் பசை ஒன்று, இங்கே இனிப்பாகவே பரிமாறப்படுகிறது. சாம்பல் நிறத்தில் இனிப்பு தின்ன ஒரு தைரியம் வேண்டும். சினிமா அதைத் தருகிறது.

ஜப்பானில் 2001இல் மிட்டாகா நகரில் திறந்த, ஜிப்ளி என்னும் அசைவூட்டப் பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குள் 'வைக்கோல் தொப்பி' என்ற பெயரில் ஒரு காபிக் கடை உண்டு. அதே ஆண்டில் வந்த இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில், பயணம் போகிற ஒரு அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் உட்கார்ந்து வாரி வாரித் தின்று பன்றிகளாகிவிடுகிறார்கள். பயணத்தில் கண்ட இடத்தில் சாப்பிடாதே என்று இதைவிட அழுத்தமாக எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. டோக்கியோவில் மூமின் என்னும் கார்ட்டூன் பாத்திரத்தின் பெயர் கொண்ட காபிக் கடைகளிலோ தனியாகச் சாப்பிட வருபவர் எதிரே மூமின் பொம்மை ஒன்றை உட்கார வைத்தார்கள், துணைக்கு. மதுரையில் இதற்குப் பொம்மை தேவைப்படாது. எதிர் இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து உட்கார்ந்து, "அண்ணே, அந்தச் சட்னிய இப்படித் தள்ளுங்க" என்பார்.

இந்த நான்கு சான்றுகளிலிருந்து மூன்று விதிகளைப் பிழிந்தெடுக்கலாம். ஒன்று, சாப்பாட்டுக்கும் சாப்பிடுகிறவருக்கும் உள்ள அளவு மாறுகிறது. இரண்டு, உயிரற்றது உயிர் பெறுகிறது. மூன்று, ஒரு கதாபாத்திரம் கடைக்குப் பெயரும் முகமும் தருகிறது. மதுரையை இந்த மூன்று தராசிலும் வைத்துப் பார்ப்பதே மீதி ஆய்வு.

4. முதல் விதி: அளவு

மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார் இருக்கிறார். திருமலை நாயக்கர் காலத்தில் வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்பது ஊர் வழக்கு. விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது 18 படி அரிசியை இடித்து ஒரே ஒரு கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைக்கிறார்கள். பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 18 படிக் கொழுக்கட்டை ஒரு பக்கம், மூஞ்சூறு ஒரு பக்கம். பாரிஸில் பெரும் பொருட்செலவில் தட்டையும் மூடியையும் ஊதிப் பெருக்கி உண்டாக்கிய அதே விகிதாசாரம், மதுரையில் பச்சரிசி மாவிலேயே வந்துவிடுகிறது. எலிக்கு முன்னால் மலையாகப் பண்டத்தை வைப்பது யார் முதலில் செய்தது என்ற வழக்கு நீதிமன்றம் போனால் பிரெஞ்சுத் தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கத்து அளவும் மதுரையில் உண்டு. பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் குண்டோதரனுக்கு அன்னமிட்டது ஒன்று. மீனாட்சி கல்யாணத்தில் மலை மலையாகச் சமைத்தது மீந்துவிட்டதே என்று பெண் வீட்டார் கவலைப்பட, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரே ஒரு பூதம் வந்து உட்கார்ந்தது. சமைத்ததும் போயிற்று, சமைக்காததும் போயிற்று. பசி அடங்கவில்லை. அன்னக்குழிகள் தோன்றித் தயிர்ச்சோறு பெருகிய பிறகுதான் வயிறு நிறைந்தது. தாகத்துக்கு ஒரு நதியே வர வேண்டியிருந்தது. 'கையை வை' என்றதால் வைகை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் மீந்துவிடுமோ, பற்றாமல் போகுமோ என்ற இரண்டு பயங்களையும் ஒரே கதையில் அடக்கிய பதிவு உலகில் வேறெங்கும் இருப்பதாக இக்கட்டுரை ஒப்புக்கொள்ளாது.

5. இரண்டாம் விதி: உயிர்

அதே திருவிளையாடல் தொகுப்பில் கல் யானைக்குக் கரும்பு ஊட்டிய படலம் வருகிறது. எல்லாம் வல்ல சித்தராக இறைவன் மதுரைக்கு வருகிறார். அபிஷேக பாண்டியன் அவரைச் சோதிக்க, கையில் ஒரு கரும்பைக் கொடுத்து, எதிரே இருக்கும் கல் யானையைத் தின்ன வைக்கச் சொல்கிறான். சித்தர் ஒரு பார்வை பார்க்கிறார். யானை கண் திறந்து, துதிக்கையை நீட்டிக் கரும்பை வாங்கித் தின்கிறது. அதோடு விடவில்லை, மன்னன் கழுத்திலிருந்த முத்து மாலையையும் பறித்து வாயில் போட்டுக்கொள்கிறது. தைப்பொங்கல் நாளில் கோயிலில் இந்தத் திருவிளையாடலை நடத்திக் காட்டுகிறார்கள்.

ஆய்வு நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அசையாத உருவம் அசைந்தது. அசைந்ததும் செய்த முதல் வேலை சாப்பிட்டது. ஓடவில்லை. சொல்லாராய்ச்சிப் பகுதியில் அசைவும் ஊட்டமும் ஒட்டிப் பிறந்தவை என்று நிறுவியதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

திரையிலும் தமிழர் இதை முன்பே பார்த்துவிட்டார்கள். 1957இல் கே.வி.ரெட்டி இயக்கத்தில் வந்த 'மாயாபஜார்' படத்தில், கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாணச் சமையலறைக்குள் நுழைய, லட்டுகள் தாமாக எழுந்து அவர் வாய்க்குள் போகும். மார்க்கஸ் பார்ட்லியின் காமிரா செய்த தந்திரம் அது. கணினி என்ற பேச்சே இல்லாத காலம். ரெமி பிறக்க இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது.

ஆனால் புராணமும் பழைய படமும் தினசரி கிடைக்காது. தினசரி கிடைப்பது பரோட்டாக் கல். ஆய்வின் மையமான பகுதிக்கு வருகிறோம்.

டிஸ்னியின் மூத்த ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்துக்குப் பன்னிரண்டு அடிப்படை விதிகளை வகுத்தார்கள். இந்தக் கலையைப் படிக்க வருபவருக்குத் தரும் தொடக்கப் பயிற்சிகள் இரண்டு. ஒன்று துள்ளும் பந்து. இன்னொன்று பாதி நிரம்பிய மாவு மூட்டை. கண்ணும் வாயும் இல்லாத அந்த மூட்டை சோகமாக இருப்பதாகவும் குதிப்பதாகவும் வரைந்து காட்ட வேண்டும். மதுரையில் பரோட்டாக் கடைக்கு வேலைக்கு வரும் பையனுக்கும் இவை இரண்டையும்தான் தருகிறார்கள். முதலில் மைதா மூட்டை, பிறகு அதிலிருந்து பிறந்த பந்துகள். வரிசை மட்டும்தான் வேறு. கலிஃபோர்னியாவில் வரைகிறார்கள், இங்கே பிசைகிறார்கள்.

பன்னிரண்டில் முதல் விதி, நசுங்குதலும் நீளுதலும். பொருள் எப்படி நசுங்கினாலும் நீண்டாலும் அதன் கன அளவு மாறக்கூடாது என்பது நிபந்தனை. மாஸ்டர் உருண்டையை உள்ளங்கையால் அமுக்கி, எண்ணெய் தடவி, விரித்து, வீசி, கண்ணாடித்தாள் போலாக்கி, பிறகு சுருட்டி மறுபடி உருண்டையாக்குகிறார். அளவு இம்மியும் மாறுவதில்லை. "ஏண்ணே, போன மாசத்தவிட பரோட்டா சின்னதாயிருச்சு?" என்று வாடிக்கையாளர் கேட்பது அசைவூட்ட விதிமீறல் பற்றியது அல்ல; மைதா விலை பற்றியது.

இரண்டாம் விதி, முன்னறிகுறி. எந்த அசைவுக்கும் முன்னால் அதற்கு எதிர்த்திசையில் சிறு அசைவு வேண்டும். வீச்சு பரோட்டா போடுகிறவர் மணிக்கட்டு, முன்னால் போகும் முன் ஒரு கணம் பின்னால் போகும். அந்த ஒரு கணத்தில் வாசலில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்தது தொடரசைவு: கை நின்ற பிறகும் மாவின் ஓரம் பறந்துகொண்டே இருந்து, பிறகு மேடையில் பளீரென்று விழும். அசைவுகள் நேர்க்கோட்டில் போகாமல் வளைவில் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. வீச்சை நேர்க்கோட்டில் வீசிய மாஸ்டர் இதுவரை பிறக்கவில்லை. துணையசைவு என்று ஒன்று உண்டு, முக்கிய வேலை நடக்கும்போது பக்கத்தில் நடக்கும் சின்ன வேலை. அடுக்கிய பரோட்டாக்களை இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கிக்கொண்டே, "ஆறாம் டேபிளுக்கு ஒரு செட்டு, சால்னா தனியா" என்று குரல் கொடுப்பது அதுதான்.

காட்சியமைப்பு என்ற விதியில் மதுரை தனி ரகம். மற்ற ஊர்ப் பெரிய ஓட்டல்களில் அடுப்படியைப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். கதவு திறக்கும்போது எட்டிப் பார்த்தால் முறைக்கிறார்கள். பரோட்டாக் கடை தன் கல்லைத் தெருவைப் பார்த்து முகப்பில் வைக்கிறது. மேலே ஒரு குழல்விளக்கு. பார்வையாளர் நடைபாதையில் நின்றுகொண்டு இலவசமாகப் பார்க்கலாம். ரெமியைப் போல் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு சமைக்க வேண்டிய அவசியம் இங்கே எந்தச் சமையற்காரருக்கும் இல்லை.

காலக்கணக்கு விதிக்கு உதாரணம் கொத்து பரோட்டா. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள்; அசைவூட்டக்காரர்கள் சிக்கனத்துக்காக ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்து 12 ஓவியங்களில் முடித்துக்கொள்வதும் உண்டு. கொத்துகிற மாஸ்டருக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. முட்டை, வெங்காயம், சால்னா என்று ஒவ்வொன்று விழும்போதும் தாளம் மாறும். இரண்டு தெரு தள்ளி நிற்பவரும் சத்தத்தை வைத்தே முட்டை விழுந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். மிகைப்படுத்தல் விதிக்குத் தனியாகக் களப்பணி தேவையில்லை. கடைப் பலகையைப் படித்தால் போதும்.

படத்துக்குக் குரல் கொடுப்பவர் வேண்டுமே? சப்ளையர் இருக்கிறார். "என்னண்ணே சாப்பிடுறீங்க, பரோட்டா, வீச்சு, பன் பரோட்டா, கொத்து, கறி தோசை, சுக்கா, ஈரல், மூளை, கோலா, கரண்டி ஆம்லேட், கலக்கி" என்று மூச்சு விடாமல் ஒப்பித்து முடிக்கையில் வாடிக்கையாளர் நினைவில் நிற்பது முதல் சொல்லும் கடைசிச் சொல்லும்தான். அதனால்தான் பெரும்பாலோர் பரோட்டாவும் கலக்கியும் சொல்கிறார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் 2017இல் ரோபோ பரிமாறும் உணவகம் வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். அந்த ரோபோவால் இந்தப் பட்டியலை இந்த வேகத்தில் சொல்லிவிட முடியுமா என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனிப்புக்கு ஜிகர்தண்டா. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி; பெயரிலேயே ஒரு உறுப்பு இருக்கும் பானம் இது. விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் இதற்கென்றே நடக்கும் கடை உண்டு. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கடல்பாசி, மேலே ஐஸ்கிரீம். கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்த பிறகும் உள்ளே கடல்பாசி கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருக்கும். தொடரசைவு விதியை நேரில் பார்க்க விரும்பும் மாணவர்கள் ஸ்பூனைப் போடுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. மூன்றாம் விதி: கதாபாத்திரம்

மிக்கி எலி 1928இல் பிறந்தது. அதன் முதல் படத்தின் காப்புரிமை 2024 ஜனவரி 1இல்தான் அமெரிக்காவில் முடிந்தது. மிக்கியின் முகத்தைக் கடைப் பலகையில் போட நினைத்தவர்கள் வக்கீலையும் கூடவே அழைத்துப் போக வேண்டியிருந்தது.

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே முனியாண்டி சாமி கோயில். மழை பொய்த்த கரிசல் காட்டை நம்பிப் பயனில்லை என்று ஊரைவிட்டுப் போனவர்கள் ஓட்டல் தொழிலில் இறங்கினார்கள். அந்த ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1930களில் காரைக்குடியில் முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் கடை வைத்தார். அவரைப் பார்த்து ஊரார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டிலும் வெளி மாநிலங்களிலும் எங்கே பேருந்து நின்றாலும் கண்ணில் படுகிற அளவுக்கு 'மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்' பலகைகள் பெருகின. உள்ளே கல்லாவுக்கு மேலே சாமி படம், ஊதுவத்தி. கீழே பிரியாணி, கோழிக் குழம்பு, குடல், தலைக்கறி.

ஒரே பெயர், ஒரே முகம், ஒரே வகைச் சாப்பாடு, ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி முதலாளி. இன்றைய வணிகப் பள்ளிகளில் இதைப் பாடமாக எடுத்தால் 'உரிமம் பெற்ற கிளைகள்' என்பார்கள். உரிமம் தந்தது யார்? சாமி. உரிமத் தொகை? அன்றைய முதல் வாடிக்கையாளர் தரும் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைப்பது இந்தக் கடைக்காரர்களின் வழக்கம். கணக்குத் தணிக்கை கிடையாது, ஒப்பந்தத் தாள் கிடையாது. யாரும் ஏமாற்றத் துணிவதும் கிடையாது. கையில் அரிவாளோடு நிற்கும் உரிமையாளரை எதிர்த்து வழக்காட டிஸ்னியின் வக்கீல்களே யோசிப்பார்கள்.

வசூலான தொகை எங்கே போகிறது என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. தை மாதம் ஓட்டல்காரர்கள் எல்லோரும் கடையைப் பூட்டிவிட்டு வடக்கம்பட்டிக்குத் திரும்புகிறார்கள். கிடா வெட்டி, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, சாமிக்குப் படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அந்தந்த ஊரில் காசு கொடுத்துச் சாப்பிட்ட பயணி, அந்தக் காசு சமைத்த பிரியாணியை இங்கே வந்து சும்மா சாப்பிடலாம். உலகத்தின் எந்தக் கதாபாத்திர உணவகமும் வாடிக்கையாளருக்கு இப்படிக் கணக்கு நேர் செய்ததில்லை.

7. துணைச் சான்றுகள்

படத்திலிருந்து பந்திக்கு வந்த சான்றுகள் தனியே உண்டு. மதுரைப் பக்கத்து ராஜாக்கூரைச் சேர்ந்த நடிகர் சூரி, 2009இல் சுசீந்திரன் இயக்கிய 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டாப் போட்டிக்கு உட்கார்ந்து, கடைக்காரர் எண்ணிக்கையில் தகராறு செய்ததும் எண்ணிக்கைக் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தின்னத் தயாரானார். அன்று முதல் 'பரோட்டா சூரி'. இன்று மதுரையில் 'அம்மன்' என்ற பெயரில் உணவகங்கள் நடத்துகிறார். அது மனிதர் நடித்த படம் என்பதால் கண்டிப்பான விதிப்படி இந்த ஆய்வில் சேராது. ஆனால் அந்தக் காட்சியில் அவர் தின்ற அளவைப் பார்த்தால் குண்டோதரன் பிரிவில் சேர்க்கலாம் என்று ஆய்வுக் குழு கருதுகிறது.

பூப்போல மெத்தென்ற இட்லிக்கு நடிகை குஷ்பு பெயரை வைத்து 1990கள் முதல் சொல்லி வருவதும் இவ்வகையே. 2020 ஜூலையில் ஊரெல்லாம் முகக்கவசம் அணிந்திருந்தபோது, மதுரையின் டெம்பிள் சிட்டி உணவகம் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டது, நாடெங்கும் செய்தியானது. உலகமே பயந்து மாட்டிக்கொண்டிருந்த ஒரு பொருளை இரண்டு காது வைத்துச் சால்னாவில் தோய்க்கலாம் என்று தோன்றியது இந்த ஊருக்குத்தான்.

எதிர்ச் சான்றையும் மறைக்கக் கூடாது. ரெமி திரைக்கு வந்த அதே 2007இல் தமிழில் முழுநீள அசைவூட்டப் படமாக 'இனிமே நாங்கதான்' வந்தது, இளையராஜா இசையோடு. பாரிஸில் ரெமிக்கு உணவகம் திறந்த அதே 2014இல் 'கோச்சடையான்' வந்தது. படப் பெயர் எட்டாம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியன் கோச்சடையன் ரணதீரனை நினைவுபடுத்துவது. மதுரையில் கோச்சடை என்று ஒரு பகுதியே இருக்கிறது. மன்னன் இருக்கிறான், படம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆனால் கோச்சடையில் கோச்சடையான் மெஸ் என்று ஒரு பலகையை யாரும் மாட்டவில்லை. சான்றுகள் கைகூடி வந்தும் சாப்பாடு வராத இந்தப் புதிரை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறோம்.

8. மறுப்புகளும் விடைகளும்

சாமியையும் புராணத்தையும் கார்ட்டூனோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். சேர்க்கவில்லை. எலி தட்டு மூடியில் உட்கார்வதற்கு முன்பே இந்த ஊரில் கல் யானை கரும்பு தின்றுவிட்டது என்று தேதிவாரியாக வரிசைப்படுத்தியதோடு இக்கட்டுரை நிறுத்திக்கொள்கிறது.

எலியைக் கடைச் சின்னமாக வைத்தால் என்ன என்பது இரண்டாவது கேள்வி. பாரிஸில் வைக்கலாம். இங்கே 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "சார், அது கார்ட்டூன் எலி" என்ற விளக்கத்தை ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டுக்கொண்டாலும், அடுத்த மேசைக்காரர் கேட்டுக்கொள்ள மாட்டார்.

அசைவவூட்டம் என்று பேசினால் சைவர்கள் எங்கே போவார்கள்? நள்ளிரவில் மாசி வீதிகளுக்குப் போகலாம். இட்லிக் கொப்பரையின் மூடி ஆவி முட்டித் தானாகத் துள்ளிக்கொண்டிருக்கும். ஃபுளோரிடாவில் பாத்திரங்கள் ஆடுவதற்குப் பாட்டு வேண்டும். இங்கே ஆவி போதும். தள்ளுவண்டியில் பருத்திப்பாலும் கிடைக்கும்.

ரெமி சமைத்ததை ஒரு வாய் வைத்ததும் கறாரான விமர்சகர் அன்டோன் ஈகோவுக்கு அம்மாவின் சமையல் நினைவுக்கு வருமே, அந்த நெகிழ்ச்சி மதுரையில் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். தல்லாகுளத்தில் கடைக்கு 'அம்மா மெஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அயிரை மீன் குழம்பு வரும் முன்பே நினைவு வந்துவிடும்.

9. பரிந்துரைகள்

எட்டு வயது ஆய்வாளரை அழைத்து வரும் பெற்றோருக்குச் சில யோசனைகள். எலி ஹோட்டல் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அந்தி சாய்ந்து குழல்விளக்கு எரிந்த பிறகு ஒரு பரோட்டாக் கடை முன்னால் நிறுத்துங்கள். கல்லுக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம், எண்ணெய் தெறிக்கும். மாவு மூட்டையைக் காட்டுங்கள், பந்தைக் காட்டுங்கள், வீச்சைக் காட்டுங்கள். பன்னிரண்டில் முதல் விதியை மட்டும் சொல்லுங்கள், மீதியைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும் சப்ளையர் பட்டியலைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனால் பிள்ளையாரையும் கல் யானையையும் பார்த்துவிடலாம். யானைக்குக் கரும்பு கொண்டுபோக வேண்டியதில்லை.

தை மாதம் வருகிறவர்கள் வடக்கம்பட்டித் திருவிழா எந்த நாள் என்று ஊரிலுள்ள ஏதாவதொரு முனியாண்டி விலாஸ் கல்லாவில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே வழியும் சொல்லுவார்கள். பிரியாணியை விடியற்காலையிலேயே கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கையோடு ஒரு தூக்குவாளி எடுத்துப் போவது நல்லது.